பித்தளை ரேடியேட்டர்

பழைய மோட்டார் வண்டியைப் புதுப்பிக்க முற்படுகிறவருக்கு எஞ்சின் எப்படியோ கிடைத்துவிடும். கியர்ப் பெட்டியும் அச்சும் ஸ்டியரிங்கும், ஏன், கதவுக் கைப்பிடி போன்ற சில்லறைச் சாமான்களுங்கூட எங்கோ ஒரு கொட்டகையின் மூலையிலிருந்து நாளடைவில் வந்து சேரும். வண்டியின் முகப்பில் காற்றை எதிர்கொண்டு நிற்கும் ரேடியேட்டருக்குத்தான் ஊர் ஊராக அலைய நேரும். அபூர்வமான யந்திர நுட்பம் எதுவும் அதில் இல்லை. ஆயினும் செம்பும் பித்தளையும் ஈயமும் சேர்ந்து உருவான பொருள் என்ற ஒரு காரணமே அதற்கு எமனாக வாய்த்தது. வார்ப்பிரும்பு எஞ்சினைப் பெயர்த்தெடுக்க நாலு ஆள் வேண்டும், விற்றாலோ இரும்பு விலைதான் கிடைக்கும். ரேடியேட்டரை ஒருவரே சிறிது நேரத்தில் கழற்றித் தோளில் சார்த்திக்கொண்டு போய், பழைய சாமான் கடையில் செம்பு விலைக்குப் போட்டுவிடலாம். ஓட்டம் நின்று மரத்தடியில் தள்ளப்பட்ட வண்டி எதுவானாலும், அதன் உடலைவிட்டு முதலில் பிரிந்துபோகிறவை பாட்டரியும் ரேடியேட்டருமே என்று பட்டறைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வர்.

திருவண்ணாமலையில் மலையை வலம்வரும் 14 கிலோமீட்டர்ப் பாதையின் மேற்குப் பகுதியில், வருண லிங்கத்தைத் தாண்டி வாயு லிங்கத்தை அடையுமுன், ஆதி அருணாசலேசுவரர் ஆலயத்தைத் தன்னகத்தே கொண்ட அடி அண்ணாமலை என்னும் ஊர் இருக்கிறது. அங்கே குடியேறிய நண்பர் ஒருவர், தம் தகப்பனார் வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை மறுபடியும் ஓடவைக்க எண்ணி முகப்பைத் திறந்தபோது, ரேடியேட்டர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதைத் தேடுவதில் அவருக்குத் துணையாகச் சென்ற எனக்கு, அந்தச் சாமானைக் காட்டிலும், அதைச் செய்தும் செப்பனிட்டும் வந்த தொழிலின் சரித்திரமே சுவை மிக்கதாகத் தோன்றியது. தமிழ்நாட்டு மோட்டார் வளர்ச்சியைப் பற்றி எழுதியவர்கள் முதலாளிகளையும் பெரிய தொழிற்சாலைகளையும் விரிவாகப் போற்றியிருக்கிறார்கள். கரி அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே குந்தியிருந்து வண்டிகளின் தாகத்தைத் தீர்த்தவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

பெட்ரோல் எரிவதால் உண்டாகும் உஷ்ணத்தில் ஒரு பகுதியே சக்கரத்தைச் சுழற்றும் சக்தியாக மாறுகிறது. மற்றொரு பகுதி புகையோடு வெளியேறிவிட, எஞ்சியதை எஞ்சினின் சுவர்களைச் சுற்றி ஓடும் ஜலம் கிரகித்துக்கொண்டு முகப்புக்கு வந்து, அதைக் காற்றினிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஆதிகாலத்து மோட்டார்களில் இந்த ஜலம் கொதித்து ஆவியாகவே போயிற்று. ஆகையால் வழிநெடுகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பிரயாணம் செய்தனர். 1901-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வெளிவந்த 35 குதிரைச் சக்தி மெர்ஸிடிஸ் காருக்காக வில்ஹெல்ம் மைபாக் என்ற எஞ்சினீயர் அமைத்த தேன்கூட்டு ரேடியேட்டர்தான் இத்தொல்லைக்குச் சரியான பரிகாரமாக அமைந்தது. 6 மில்லிமீட்டர்ச் சதுரமுள்ள 8,070 குழல்களை நெருக்கமாக அடுக்கி, ஒன்றோடொன்று பற்றவைத்து, குழல்களின் உள்ளே காற்றும் அவற்றைச் சுற்றி ஜலமும் ஓடுமாறு அவர் செய்திருந்தார். எட்டாயிரத்துக்கு மேற்பட்ட குழல்களின் இரு முனைகளிலும் ஒரு சொட்டுக்கூடக் கசியாதபடி பற்று ஏறவேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், மோட்டார் யுகத்தின் தலைவாசலில் யந்திர நிபுணரின் பக்கத்திலேயே ஈயம் பற்றவைக்கும் கைவினைஞரும் நின்றார் என்பது விளங்கும். பிற்காலத்தில் தேன்கூடு மறைந்து, தட்டையான பித்தளைக் குழல்களின் உள்ளே ஜலம் ஓட, அவற்றைக் குறுக்கே தழுவிய மெல்லிய செப்புத் தகடுகள் உஷ்ணத்தை வெளியே விடும் முறை பரவியது. கைவேலையின் தேவை மட்டும் குறையவில்லை.

நம் நாட்டில், 1840 முதல் சென்னையில் குதிரை வண்டிகள் கட்டிவந்த சிம்சன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-ஆம் ஆண்டில் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். 1911-ல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் மோட்டார்த் தொழிலில் இறங்கினார், 1920-ல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி, பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் போற்றவிருந்த வேங்கடராமன் என்ற இளைஞர் ரயிலிலே வந்திறங்கிய திருவண்ணாமலைக்கு, 1938-ல் ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் சென்னையிலிருந்து காரிலேயே வந்து சேர்ந்தார். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் மோட்டார் வண்டி எத்தனை தூரம் உட்புகுந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அக்காலத்தில் உலகெங்கும் பரவிய ஃபோர்டு டி மாடல் காரில், ஆரம்பத்தில் செய்த சிலவற்றைத் தவிர, தண்ணீர்ப் பம்பே கிடையாது. சூடேறிய நீர் இலேசாகி மேல் தொட்டிக்கு ஏறும், குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும் என்ற இயற்கை நியதி ஒன்றையே நம்பி அது ஓடிற்று. 1916 வரையில் அதன் ரேடியேட்டரின் மேனி முழுவதும் பளபளக்கும் பித்தளையாகவே இருந்தது. மேல் தொட்டியில் நீர் சிறிது குறைந்தாலும் ஓட்டம் அறுந்துவிடும் இத்தகைய வண்டிகள், டெட்ராயிட்டின் குளிருக்குப் பொருந்தியிருக்கலாம். வட ஆர்க்காட்டுச் சித்திரை வெயிலுக்கு எப்படிப் பொருந்தும்? மூடியின் வழியே ஆவி சீறுவதும், டிரைவர் வண்டியை ஓரங்கட்டுவதும், கிளீனர்ப் பையன் தகர டின்னை எடுத்துக்கொண்டு ஏரிக்கோ கிணற்றுக்கோ ஓடுவதும், பிரயாணிகள் புளியமரத்து நிழலில் இறங்கி நின்று வெற்றிலை போடுவதும் பஸ் பிரயாணத்தின் அங்கங்களாகவே இருந்தன. சூடு தணியுமுன் மூடியைத் திருகி முகத்தை வேகவைத்துக்கொண்டவர்களும் உண்டு.

வெயிலைக் காட்டிலும் கொடிய சத்துரு தண்ணீரே ஆகும். திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள பிரதேசம் பாறை நிலம்; அங்குள்ள ஆழ்கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. இத்தகைய நீர் காய்ந்தால் கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து குழலின் உட்புறத்தில் வெள்ளைப் பொருக்காகப் படியும். அடுக்களைப் பாத்திரத்தில் படிந்தால் தேய்த்துவிடலாம். விரல்கூட நுழையாத குழலில் படிந்ததை என்ன செய்வது? குழல் அடைத்தால் வண்டி கொதிக்கும், கொதித்தால் இன்னும் கொஞ்சம் அதே தண்ணீரை ஊற்றுவார்கள், ஊற்ற ஊற்றப் பொருக்கு தடிக்கும். ஒழுகல் கண்டால் ஒரு பிடி மஞ்சள் பொடியை உள்ளே கொட்டுவது டிரைவர்கள் கைக்கொண்ட பழைய வைத்தியம். அது ஓட்டையை அடைத்து ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது மெய்யே, ஆனால் ஓட்டையை மட்டும் தேடிப்பிடித்து அடைக்கும் விவேகம் மஞ்சளுக்கு இல்லையாதலால், நல்ல குழல்களும் கூடவே அடைபட்டுப் போகும்.

இவ்வாறு ஒழுகியும் அடைத்தும் வந்த ரேடியேட்டர்களை ஏற்றுக்கொள்வதற்கு நம் ஊர்களில் கைகள் தயாராக இருந்தன என்பதுதான் இந்தச் சரித்திரத்தில் நான் முக்கியமாகக் கருதும் செய்தி. பித்தளைக் குடமும் செப்புத் தவலையும் புழங்கிய காலத்தில், கன்னார் தெரு இல்லாத பெரிய ஊர் இல்லை. பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் துருத்தியும் கரியும் சுமந்து தெருத்தெருவாகக் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரப் பொடியைத் தூவி, அது புகைந்து களிம்பைத் தின்றுகொண்டிருக்கும் நொடியில் வெள்ளீயக் கம்பியைத் தொட்டுப் பஞ்சால் ஒரே வீச்சாகத் துடைப்பார். அழுக்குப் பித்தளை கண்ணெதிரே வெள்ளியாக மாறும். ரேடியேட்டர்ப் பட்டறையில் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. அதே நவச்சாரம்; அதே கரி அடுப்பு; வெள்ளீயத்தோடு காரீயமும் கலந்த பற்று. சூடு எவ்வளவு ஏறிற்று என்பதை உலோகத்தின் நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளும் கண்ணும் அதே கண்தான். மேல்நாட்டு யந்திரத்தின் இந்த ஒரு பாகத்தை மட்டும் நம்மவர்கள் புதிய கல்வி எதுவும் இல்லாமலே வசப்படுத்திக்கொண்டார்கள் என்றால், அந்தக் கல்வி முன்னமே தெருவில் இருந்தது என்பதுதான் என் அபிப்பிராயம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது இக்கைகளுக்கு வேலை பெருகிற்று. கரியை எரித்து அதன் வாயுவால் எஞ்சினை ஓட்டும் சாதனங்களை டி. வி. எஸ். கம்பெனி செய்து பரப்பியது. கரிவாயுவை எஞ்சினுக்குள் விடுமுன் குளிரவைத்து வடிகட்ட வேண்டியிருந்ததால், தகடு வளைத்துப் பற்றவைக்கத் தெரிந்தவர்களுக்கு மவுசு ஏற்பட்டது. யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட லாரிகளும் ஜீப்புகளும் ஏலத்தில் வந்து, அவற்றின் மேல் நம் ஊர்க் கூண்டு கட்டிப் பலர் பஸ் முதலாளிகள் ஆயினர். அந்த வண்டிகளுக்கு உதிரிச் சாமான் அமெரிக்காவில்தான் இருந்தது.

அமெரிக்காவிலிருந்து வரும் வழியும் விரைவில் அடைபட்டது. உள்நாட்டிலேயே படிப்படியாகப் பாகங்களைச் செய்யும் திட்டமுள்ள கம்பெனிகள் மட்டுமே கார்த் தொழிலில் நீடிக்கலாம் என்ற கருத்தைத் தீர்வைக் கமிஷன் 1953-ல் வெளியிட, பம்பாயில் 1928 முதல் வண்டிகளைப் பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல் கடையைக் கட்டியது. ஃபோர்டு கம்பெனியும் அதே காலத்தில் விலகிற்று. ஜமீன்தார்களும் மிராசுதார்களும் வாங்கி வைத்திருந்த செவ்ரோலேக்களும் ஃபோர்டுகளும் ஒரே ராத்திரியில் அநாதைகளாயின என்று சொன்னால் மிகையாகாது. அதன் பிறகு அவற்றுக்கு ரேடியேட்டர் வாங்குவது என்ற பேச்சே இல்லை, செய்வதுதான்.

பட்டறைகளின் நிலை இது. பெருமளவில் செய்த ஆலைகளுக்கும் நிம்மதி இருக்கவில்லை. அக்காலத்தில் நம் நாட்டில் செம்பு எடுக்கப்பட்டது பெரும்பாலும் பீகாரின் சிங்பூம் பகுதியில்தான். அது தேவையில் ஒரு சிறு பங்குக்கே போதுமானது. கோயம்புத்தூரில் மோட்டார் ரேடியேட்டர் செய்துவந்த யூனிவர்சல் ரேடியேட்டர்ஸ் என்ற நிறுவனம் அமெரிக்காவிலிருந்து செப்புப் பாளங்களைத் தருவித்து, பம்பாயில் தகடாக உருட்டி வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தது. செம்பு கடலில் வந்துகொண்டிருக்கையில் 1965-ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தான் யுத்தம் மூண்டு, கப்பலைப் பாகிஸ்தான் அதிகாரிகள் கைப்பற்றிக்கொண்டார்கள். காப்பீட்டுப் பணம் டாலர்க் கணக்கில் வந்தது. இதற்குள் 1966 ஜூன் 6-ஆம் தேதி ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டு, 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 காசாகிவிட்டபடியால், கொடுத்ததைவிட அதிகமான ரூபாய் கைக்கு வந்துவிட்டது. இந்த அதிகப்படி லாபமாகுமா, அதற்கு வருமான வரி உண்டா என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 1993-ல்தான் உச்ச நீதிமன்றத்தில் நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது. ரேடியேட்டருக்கு என்று புறப்பட்ட செம்பு ரேடியேட்டர் ஆகாமலே போனதும், அதனால் நேர்ந்த ஆதாயத்தைப் பற்றிய வாதம் ஒரு தலைமுறை நீடித்ததும், நம் தொழில் சரித்திரத்தில் வேடிக்கையான ஓர் அத்தியாயம். வரி வக்கீல்கள் மட்டும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தட்டுப்பாட்டு யுகத்தின் பிள்ளைதான் நண்பருடைய ஹெரால்டு. 1948-ல் சென்னையில் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் வண்டலூரில் ஆலை அமைத்து, முதலில் வான்கார்டு காரையும் பின்பு ஸ்டாண்டர்டு டென் காரையும் வெளியிட்டு, 1961-ல் ஹெரால்டைக் கொண்டுவந்தது. இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்த வடிவம். இங்கிலாந்தில் 1959-ல் பிறந்தது. அங்கே எஞ்சின் நாளடைவில் பெரிதாகிக்கொண்டே போக, இங்கே கடைசிவரை 948 கன சென்டிமீட்டர் எஞ்சினோடு காலம் தள்ளினார்கள்; அதற்குப் பதிலாக, இங்கிலாந்தில் இல்லாத நாலு கதவு அமைப்பை நம்மவர்கள் சேர்த்தார்கள். பின்னர் வந்த கஸெல் என்ற வண்டியும் 1977-ல் நின்றது. அம்பாஸடர் 2014 வரையில் வெளிவந்ததால் அதற்கு ரேடியேட்டர் இன்றும் கிடைக்கும். ஹெரால்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. போதாக்குறைக்கு அதன் முகப்பு முழுவதும் சக்கரக் காப்புகளோடு சேர்ந்து முன்புறமாகக் கவிழ்ந்து திறப்பதால், ரேடியேட்டர் திறந்த வீடாகவே நிற்கும். கழற்றுகிறவனுக்கு அதைவிடச் சௌகரியமான கார் வேறில்லை.

இங்கிலாந்தில் ஹெரால்டு அபிமானிகள் மிகுதி. சாமான் விற்போரும் உண்டு. அங்கிருந்து தருவித்துவிடலாமே என்று முதலில் தோன்றியது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு அங்கே எஞ்சினோடு கூட ரேடியேட்டரின் அகலமும் மாறியிருப்பதால், நம் வண்டிக்கு எது பொருந்தும் என்பது நிச்சயமில்லை. கப்பல் கூலியும் சுங்கமும் வேறு. ஆகவே, சென்னையில் எழும்பூருக்கு அருகே, உயிர்போன வண்டிகளை அங்கம் அங்கமாகப் பிரித்து விற்கும் புதுப்பேட்டைக்குச் சென்றோம். அம்பாஸடர் ரேடியேட்டர்களின் குவியலுக்கு அடியிலிருந்து ஹெரால்டின் ரேடியேட்டர் ஒன்று வெளிப்பட்டது. செப்புத் தகடுகள் கைபட்டால் உதிர்ந்தன, குழல்கள் பச்சைக் களிம்பேறி இற்றிருந்தன. நண்பர் முகம் வாடிவிட்டது. அதைத் திருவண்ணாமலைப் பட்டறை ஒன்றில் வைத்தபோது, அங்கிருந்த பெரியவர் நடுப்பகுதியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மேல் தொட்டியையும் கீழ்த் தொட்டியையும் விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "டேங்க் ரெண்டும் நல்லா இருக்குது சார், கோர்தானே போச்சு, அது போட்டுக்கலாம்" என்றார்.

அவர் சொன்னதில் அந்தத் தொழிலின் ரகசியமே அடங்கியிருந்தது. ஒரு காருக்கு மட்டும் உரியது தொட்டிகளின் வடிவமும், குழாய் வாய்கள் அமைந்த கோணமும், பக்கச் சட்டங்களின் துளைகளும்; நடுவே இருக்கும் கோர் எந்த ஜாதியையும் சேர்ந்ததன்று, உயரம் அகலம் கனம் மூன்றையும் சொன்னால் புதிதாகச் செய்துவிடலாம். பெரியவர் ஊதுவிளக்கின் நீலச் சுடரைத் தொட்டியின் விளிம்போரமாக நடத்திக்கொண்டு போக, பழைய பற்று முத்து முத்தாக உருண்டு விழுந்தது. சுற்று முடிவதற்குள் தொட்டி தானே கழன்று வந்தது. ஈயப்பற்று ஏறக்குறைய 183 சென்டிகிரேடு டிகிரியில் இளகத் தொடங்கும், செம்பு உருகுவதற்கோ ஆயிரத்துக்கு மேல் வேண்டும். இந்த இடைவெளியே அத்தொழிலுக்கு ஜீவாதாரம். உப்புத் திராவகத்தில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டு, நுரைத்துப் பொங்குவது ஓய்ந்தபின் அந்தத் திரவத்தைத் தூரிகையால் விளிம்பில் தடவி, முதலில் மெல்லிய பூச்சாக ஈயம் ஏற்றிவிட்டு, புதிய கோரின் தட்டின்மேல் தொட்டியை அமர்த்தி மறுபடியும் சுடரைக் காட்டினார். பற்றுக் கம்பி தொட்ட இடத்தில் ஈயம் இடுக்கினுள் தானாகவே உறிஞ்சப்பட்டு ஓடியது. அந்தப் புகை நல்லதன்று, திராவகத்தின் நெடியும் ஈயத்தின் ஆவியும் மூச்சில் ஏறும். ஐம்பது வருஷம் அதைச் சுவாசித்த மனிதர்களுக்கு எந்தக் கம்பெனியும் ஈட்டுத்தொகை கொடுத்ததாகத் தெரியவில்லை.

பிறகு வாய்களை ரப்பர் அடைப்பான்களால் மூடி, சிறிது காற்றடித்து, சிமெண்டுத் தொட்டி நீரில் அமிழ்த்தினார். இரண்டு இடங்களில் நூல்போலக் குமிழிகள் எழுந்தன. ஆணியால் கீறி அடையாளம் செய்து, துடைத்து, மறுபடியும் பற்றுவைத்து, மறுபடியும் அமிழ்த்தினார். கடைசியில் கறுப்புப் பெயிண்டைக் கஞ்சித் தண்ணீர் போல் இளக்கி ஒரே பூச்சு பூசினார். தடித்த பெயிண்டு உஷ்ணத்தை வெளியே விடாது என்பது காரணம். மூடியைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை செய்தார். மூடி நீரை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் ஏறினால் கொதிநிலை ஏறக்குறைய 3 பாரன்ஹீட் டிகிரி ஏறும். அதை நம்பிப் புதிய கார்களின் வலுவான மூடியைப் பழைய பித்தளைத் தொட்டிக்குப் போட்டால், கொதிப்பது நின்று தையல் பிரியும். கிணற்று நீரை மறந்துவிடும்படியும் சொன்னார். வடிநீரும் கூலண்டும் ஊற்றப்பட்டு, வண்டி இப்போது கிரிவலப் பாதையில் ஓடுகிறது, பௌர்ணமி நாள்கள் நீங்கலாக.

இத்தகைய பட்டறைகள் இன்று அருகி வருகின்றன. 1983-ல் மாருதி வந்ததிலிருந்து தொடங்கிய புதிய கார்களின் பெருக்கத்தில், அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் தொட்டியும் கொண்ட ரேடியேட்டர்கள் செம்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அவை இலேசானவை, மலிவானவை, நன்றாகவே உழைப்பவை. அவற்றைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஏறக்குறைய 600 டிகிரி உலையில் ஆலையிலே இணைக்கப்பட்ட அலுமினியத்தில் கரி அடுப்பின் ஈயம் ஒட்டாது. பிளாஸ்டிக் தொட்டி வெடித்தால் தூக்கியெறிந்துவிட்டு வேறு வாங்குவதுதான் முறை. எவர்சில்வர் வந்து ஈயம் பூசுகிறவரைத் தெருவிலிருந்து அனுப்பியது போலவே அலுமினியம் ரேடியேட்டர்ப் பட்டறையை அனுப்பிக்கொண்டிருக்கிறது. டிராக்டர்களும் பழைய லாரிகளும் ஜெனரேட்டர்களும் இருக்கும்வரை அவர்களுக்குக் கொஞ்சம் வேலை இருக்கும். அந்தப் பெரியவரின் மகன்கள் இத்தொழிலுக்கு வரவில்லை.

ஆகையால் இதைப் படிப்பவர்களில் யாருடைய வீட்டுக் கொட்டகையிலேனும் பழைய ஹெரால்டோ, பியட்டோ, ஆஸ்டினோ, அமெரிக்க வண்டியோ முடங்கிக் கிடந்தால், அதன் ரேடியேட்டரைச் செம்பு விலைக்குக் கேட்டுவருகிறவரிடம் கொடுத்துவிட வேண்டாம். கோர் எவ்வளவு இற்றுப்போயிருந்தாலும் பாதகமில்லை. இரண்டு பித்தளைத் தொட்டிகளையும் பக்கச் சட்டங்களையும் பத்திரப்படுத்தி வையுங்கள், பற்றவைக்கத் தெரிந்த கை உங்கள் ஊரில் இருக்கும்போதே அவற்றை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.